கிணற்றுக்கும் குழிக்கும் இடையில்

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை கிணற்றடிக்குப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கத்தில் அலவாங்கு இறங்கும் சத்தம் கேட்டது. எங்கள் வளவில் மேல்மண் இரண்டு அடிக்குள் முடிந்துவிடும்; அதற்குக் கீழே செம்மஞ்சள் நிறக் கிரவல். மண்ணில் இறங்கும் அலவாங்கின் சத்தம் வேறு, கிரவலில் மோதும் சத்தம் வேறு. அன்று கேட்டது இரண்டாவது சத்தம். வேலித் தகரத்தின் இடைவெளியால் பார்த்தபோது, பின்வளவுத் தம்பி இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். குழியின் விளிம்பில் நான்கு சீமெந்து வளையங்கள் அடுக்கப்பட்டிருந்தன. மலசலகூடக் குழிதான்; எதற்கான குழி என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"தம்பி, கிணத்துக்கு இவ்வளவு கிட்டவோ வெட்டுறீர்?" என்று கேட்டேன். அவர் வெட்டுவதை நிறுத்தி, குழியின் விளிம்பில் கையூன்றி மேலே ஏறி வந்தார். "வேற எங்க ரீச்சர் வெட்டுறது? முன்னுக்கு வீடு. அங்கால அம்மான்ர பழைய குழி, அது போன மாரியோட நிரம்பிப் போச்சுது. மிச்சம் இருக்கிற மண் இவ்வளவுதான்." பிறகு சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "நானும் இந்தக் கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறன்."

கடைசி வசனத்தை அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. அது உண்மை. அவருடைய வளவில் கிணறு இல்லை. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் எங்கள் கிணற்றில்தான் அள்ளுகிறது. அப்பப்பா வெட்டுவித்த கிணறு அது. கட்டின் உட்புறச் சீமெந்தில், காய முன்னர் அவர் விரலால் எழுதிய 1961 என்ற ஆண்டு இன்றும் பாசிக்கு நடுவே தெரிகிறது. தம்பி திரும்பவும் குழிக்குள் இறங்கியதும் வாளிக் கயிற்றை அவிழ்த்து, கட்டிலிருந்து வேலிவரையும், வேலிக்கு மேலாகக் கண்ணளவில் குழிவரையும் அளந்து பார்த்தேன். 38 அடி வந்தது. மேசன்மாரும் சுகாதாரப் பரிசோதகர்களும் எங்களுக்கு எப்போதும் சொல்லி வந்த கணக்கு 50 அடி. பன்னிரண்டு அடி குறைகிறது. திங்கட்கிழமை பாடசாலை இடைவேளையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொலைபேசியில் அழைத்து முறைப்பாடு செய்தேன். நான் செய்தது சரிதான் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் அரை ஏக்கர் ஐந்தான விதம்

கிளிநொச்சி நகரிலிருந்து கனகபுரம் வீதியில் இறங்கி உள்ளே வந்தால் இப்போது எங்கும் வீடுகள். நான் சிறுமியாக இருந்தபோது இங்கே ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் இடையில் கூப்பிட்டால்தான் கேட்கும். அப்பப்பா வடமராட்சியிலிருந்து குடியேற்றக் காலத்தில் வந்தவர். அவருக்கு வயற்காணியோடு மேட்டுக்காணியாகக் கிடைத்ததில் கடைசிவரை கையில் நின்றது இந்த அரை ஏக்கர். கிணறு நடுவில், வீடு அதற்குக் கிழக்கே, மலசலகூடம் வளவின் மேற்கு எல்லையில் பனைகளுக்கு அப்பால். இரவில் அங்கே போக நாங்கள் அரிக்கன் லாம்புடன் ஆள் துணை தேடுவோம். அந்தத் தூரத்தை அப்போது ஒரு வசதிக் குறைவாகவே நினைத்திருந்தோம்.

அந்த அரை ஏக்கரில் இன்று ஐந்து வீடுகள் இருக்கின்றன. எனது, அப்பாவின் தங்கையான மாமியுடையது, ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவருடையவை, பின்வளவுத் தம்பியுடையது. தம்பியின் பாட்டனார் 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர். அப்பப்பாவுடன் வயலில் நின்றவர். அவருக்கு அப்பப்பா வளவின் பின்மூலையை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்குமேல் எதுவும் கொடுக்க அவராலும் முடிந்திராது, ஏனென்றால் இது அரசாங்கம் கொடுத்த உத்தரவுப் பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணியை விரும்பியபடி துண்டாட முடியாது. பொதுவாகப் பின்னுரித்தாளராக ஒருவரைத்தான் நியமிக்கலாம். காணி துண்டு துண்டாகிப் பயிர்ச்செய்கைக்கு உதவாமல் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட விதி அது. கமக்காரனுக்காக எழுதப்பட்ட அந்த விதியின் மேல் ஒரு நகரம் வளரும் என்று 1935இல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பத்திரத்தில் இன்னமும் எங்கள் காணி ஒரே துண்டு. நிலத்தில் ஐந்து. எங்கள் ஐந்து வீடுகளுக்கும் நடுவே ஓடும் எட்டு அடி ஒழுங்கை எந்த வரைபடத்திலும் இல்லை.

துண்டாகியது பெரும்பாலும் வீட்டுத்திட்டம் வந்தபோதுதான். போர் முடிந்தபோது வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருந்த எங்களுக்கு, 2012 ஒக்ரோபரில் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கிய செய்தி எத்தனை பெரியது என்பதை அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய், கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். 550 சதுர அடி. நாங்களே நின்று கட்டிக்கொள்ள வேண்டும். அத்திவாரம் எழும்பியதும் ஒரு காசு, கூரை மட்டத்துக்கு வந்ததும் ஒரு காசு. எங்கள் ஐந்து குடும்பத்திலும் அந்தக் காசுக்கு மேல் நகையை விற்றுப் போடாத ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணியும் வேண்டும். ஆகவே கிராம சேவையாளரிடம் கடிதங்கள் எழுதப்பட்டன, வேலிக் கதியால்கள் நடப்பட்டன, அரை ஏக்கர் ஐந்தாகியது. அரை ஏக்கர் என்பது 80 பேர்ச்; ஒழுங்கைக்குப் போனது கழிய ஒவ்வொன்றும் பதினைந்து பேர்ச்சும் தேறாது. தம்பியுடையது பன்னிரண்டு.

அன்றைய மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சீமெந்துத் தரையில் முதன்முதலாகப் படுத்த இரவு அம்மா எழுந்து எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தார். எங்களுக்கு வீடு வேண்டியிருந்தது, வீடு கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் எல்லோருமே வீட்டைத்தான் எண்ணினோம். கொடுத்தவர்களும் எண்ணினார்கள், வாங்கிய நாங்களும் எண்ணினோம். பின்னர் 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்து, ஒன்றுக்கு 21 இலட்சமா, அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே, எங்கள் வெயிலுக்கு இரும்புச் சுவர் தாங்குமா என்றெல்லாம் வடக்கு முழுவதும் விவாதம் நடந்தது. அது நடக்க வேண்டிய விவாதமே. ஆயினும் அதிலும் பேசப்பட்டது சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும்தான். வீடு நிற்கும் நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது என்பதையும், அந்தத் தண்ணீருக்குக் கதியால் போட முடியாது என்பதையும் யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நானும் பேசவில்லை.

ஒரு சின்னக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். ஒரு கிணற்றைச் சுற்றி 50 அடிக்கு எந்தக் குழியும் இருக்கக் கூடாது என்றால், அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர அடி. பேர்ச்சில் சொன்னால் 29 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பப்பாவின் 80 பேர்ச் வளவுக்குள் அந்த வட்டம் தாராளமாக அடங்கி நின்றது. பதினைந்து பேர்ச் வளவில், முழு வளவையும் கொடுத்தாலும் அந்த வட்டத்தின் பாதிக்குச் சற்றே அதிகம்தான் அடங்கும். மிச்சப் பாதி அயலவரின் வளவில் கிடக்கிறது. அவருடைய வட்டத்தின் மிச்சப் பாதி உங்கள் வளவில் கிடக்கிறது. ஐந்து வீடுகளும் ஐந்து குழிகளும் இரண்டு கிணறுகளுமாக நிற்கும் எங்கள் அரை ஏக்கரில் யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தனித்தனியே இந்தக் கணக்கைச் சரிப்படுத்த முடியாது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வட்டத்தின் பரப்பைச் சொல்லிக் கொடுக்காவிட்டாலும், பதினொராம் ஆண்டு வரை கணிதம் படிப்பித்த எனக்கு இது பதின்மூன்று ஆண்டுகளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவு நாடா

பரிசோதகர் புதன்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்தார். வயதில் என்னைவிட இளையவர், பொறுமையானவர். இரும்பு அளவு நாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்துவிட்டு மறுநுனியுடன் தம்பியின் குழிக்குப் போனார். 39 அடி. என் கயிற்றுக் கணக்கு ஓரடி மட்டுமே பிழைத்திருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி, கைக்குழந்தையுடன், கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர்களைப் பார்க்கவில்லை; நாடாவைப் பார்த்தேன்.

பரிசோதகர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, "உங்கட குழி எதில இருக்கு அம்மா?" என்று கேட்டார். என் குழி ஒழுங்காகத்தான் இருக்கிறது என்ற துணிவில், வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். 2013இல் வீடு கட்டும்போது மேசனிடம் நானே நின்று சொல்லி, கிணற்றிலிருந்து இயன்றளவு தள்ளி, பின்மூலையில் வெட்டுவித்த குழி. கிணற்றுக்கும் அதற்கும் 61 அடி. அவர் தலையசைத்தார். பிறகு என் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வேலிக்கு அங்கால் மாமியின் அடுக்களை. அடுக்களைக்குப் பக்கத்தில் 2011இல் மாமி வெட்டுவித்த கிணறு. "நாடாவை ஒருக்கால் பிடியுங்கோ" என்றார். வேலிக்கு மேலால் நாடா போனது. மாமியின் கிணற்றுக் கட்டில் போய் நின்றது.

33 அடி.

அந்த இடத்தில் அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "நீங்கள் முறைப்பாட்டை எழுத்தில தந்தால் நான் ரெண்டு கடிதம் எழுத வேணும் அம்மா. ஒண்டு அந்தத் தம்பிக்கு, மற்றது உங்களுக்கு" என்றார். நாடா சுருண்டு அவர் கைக்குள் போகும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பார்.

நான் செய்ததை நாங்கள் ஐந்து பேரும் செய்திருந்தோம் என்பது பிறகு அவருடன் ஒழுங்கையில் நடந்து பார்த்தபோது தெளிவாகியது. ஒவ்வொருவரும் தன் கிணற்றிலிருந்து, தன் அடுக்களையிலிருந்து, தன் வாசலிலிருந்து எவ்வளவு தூரத்துக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்துக்குக் குழியைத் தள்ளியிருந்தோம். தன் வளவின் கடைசி மூலைக்குத் தள்ளுவது என்றால் அயலவரின் வளவுக்கு இயன்றளவு கிட்டக் கொண்டுபோவது. ஒருவரும் ஒருவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளைகளை நினைத்து, மிகக் கவனமாக, மற்றவரின் கிணற்றடியில் குழி வெட்டினோம். தம்பிக்குத்தான் தள்ளுவதற்கு மூலை இருக்கவில்லை. காணியில் மிகச் சிறிய துண்டு கிடைத்தவர் என்பதால் அவர் குழி எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் வந்தது. நான் முறைப்பாடு செய்தது அதை. என்னுடையது பனை வடலிகளுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகளாக மறைந்து கிடந்தது.

மாரித் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆவணியில் கிணற்றின் அடியில் பாறை தெரியும். ஐப்பசியில் மழை பிடித்து மார்கழி ஆகும்போது நீர் கட்டுக்கு ஒரு முழம் கீழே வந்துவிடும். குனிந்து செம்பால் அள்ளலாம். மழைக்காலத்தில் கிணறு நிரம்புவதைப் பார்ப்பதில் வன்னிச் சனத்துக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் கிணற்றில் உயரும் அதே நீர்தான் குழிக்குள்ளும் உயருகிறது. நாங்கள் வெட்டுவது அடி திறந்த குழி. சீமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் மண்ணை அப்படியே விட்டுவிடுவது. கோடையில் குழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் பல அடி காய்ந்த மண் இருக்கும். அந்த மண் வடிகட்டும், கிருமிகள் அதற்குள் இறந்துபோகும். மாரியில் அந்த இடைவெளி இல்லாமல் போகிறது. குழி நிலத்தடி நீரிலேயே மூழ்கி நிற்கிறது. கிரவலின் இடுக்குகளால் நீர் விரைவாக நகரும். 50 அடி என்பதும் அந்த நேரத்தில் ஒரு ஆறுதலுக்கான கணக்குத்தான். 33 அடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் நின்றபோது, எங்கள் ஒழுங்கையிலும் முழங்காலளவு தண்ணீர். வடிந்த பின்னர் குளோரின் தூள் போட்டு, கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கினோம். வெள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததால் செய்தோம். கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு மாரியிலும் நடப்பதற்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா இல்லையா என்று ஆண்டுக்கணக்காகப் பேசிய ஊர் இது. நானும் அந்தக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன், கமக்காரரின் பக்கம் நின்று பேசியும் இருக்கிறேன். அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது வடக்கு முழுவதும் திரண்டது. அங்கெல்லாம் எங்களுக்கு வெளியே ஒருவர் இருந்தார், விரல் நீட்டுவதற்கு. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்களே இருக்கும்போது விரலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல், இருப்பவர்களில் எளியவராகப் பார்த்து நீட்டிவிட்டேன்.

பரிசோதகர் போன மறுநாள் மாமியிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அடுக்களைக் குந்தில் இருந்தேன். மாமி தேநீர் வைத்தார். 33 அடி என்று சொன்னேன். மாமி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பேசினார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியே பிள்ளை? மாரிக்குத் தண்ணி மேல வந்தால் ஒரு வாசம் வரும். நான் அதை அவிச்சுத்தான் குடிக்கிறனான்."

"ஏன் மாமி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ குழியைத் தூக்கிக்கொண்டு எங்க போவாய்?" கோப்பையைக் கழுவி, துடைத்து, தேநீரை ஆற்றி என் கையில் தந்தார். "மெனிக் பாமில கொம்மா வரிசையில நிண்டு எனக்கும் சேர்த்துத் தண்ணி எடுத்தவ. ரெண்டு வாளி கிடைச்சால் ஒண்டு எனக்கு. அதுக்குப் பிறகு தண்ணிக்காக உங்களோட வாய்பட எனக்கு மனம் வரேல்லை."

கடந்த மார்கழியில் மாமியின் பேரப்பிள்ளை வயிற்றோட்டத்துடன் இரண்டு நாள் வைத்தியசாலையில் கிடந்தது. நான் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதிகளும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சந்தைச் சாப்பாட்டால் வந்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். அது என் குழியால் வந்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வரவில்லை என்றும் என்னால் எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பரிசோதகரின் ஏற்பாட்டில் இரண்டு கிணற்றிலும் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாத மலக் கிருமி இரண்டிலும் இருந்தது, கோடையிலேயே. கொதிக்க வைத்தால் அது சாகும். ஆனால் கழிவிலிருந்து ஊறிவரும் நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. தம்பியின் மனைவி கதவு நிலையில் குழந்தையுடன் நின்றது அப்போது நினைவுக்கு வந்தது. இப்போது அந்தப் பிள்ளைக்குப் பால் கரைக்க நாங்கள் போத்தல் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறோம்.

ஒழுங்கையின் அகலம்

நகருக்குக் கிட்டக் காணி விற்பவர்கள் இப்போது பலகையில் எழுதி வைக்கிறார்கள்: மின்சாரம் உண்டு, காப்பெற் வீதிக்கு அண்மை, நல்ல தண்ணீர்க் கிணறு. 2013இல் புகையிரதம் மீண்டும் வந்தது, ஏ9 வீதியில் வங்கிகளும் கடைகளும் நிரை கட்டின, அறிவியல்நகரில் பல்கலைக்கழகப் பீடங்கள் வந்தன. வாடகைக்கு அறை தேடுவோர் எங்கள் ஒழுங்கைவரை வருகிறார்கள். நகரம் என்று சொல்லக் கூடிய எல்லாம் வந்திருக்கிறது, ஆனால் மாவட்டத்தின் தலைநகரான கிளிநொச்சிக்கு இன்னமும் நகரசபை இல்லை. வயலும் குளமும் நகரும் ஒரே பிரதேச சபைக்குள்தான் இருக்கின்றன. நகரத்தின் நெருக்கத்தில் இருந்துகொண்டு கிராமத்தின் முறையில் தண்ணீர் அள்ளி, கிராமத்தின் முறையில் குழி வெட்டுகிறோம். அப்பப்பாவின் முறை பிழையானதல்ல. அது 80 பேர்ச்சுக்கான முறை.

நீர்க்குழாய் எங்கள் பிரதான வீதியால் போகிறது. ஒழுங்கைக்குள் வராது. ஏன் என்று விசாரிக்கப் போனபோது, உரிய அலுவலகத்தில் ஒருவர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அங்கே எங்கள் ஐந்து வீடுகளும் ஒழுங்கையும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அரை ஏக்கர் ஒன்று இருந்தது. ஒழுங்கையைப் பொது வீதியாக எழுதிக் கொடுத்தால் குழாயும் வரும், கழிவகற்றும் பவுசரும் வரும் என்றார். அதற்கு அது 12 அடியாவது இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டது. பவுசர் வந்தால் அடி அடைத்த தாங்கி கட்டலாம். நிரம்பினால் இறைத்துக்கொண்டு போவார்கள். குழியை வீட்டு வாசல் பக்கமாக, ஒழுங்கையோரத்தில், இரண்டு கிணற்றிலிருந்தும் கூடிய தூரத்துக்குக் கொண்டுவரலாம். வாசலில் கக்கூசுக் குழியா என்று என் சகோதரர் ஒருவர் முகம் சுளித்தார். அம்மா இருந்திருந்தால் அவரும் சுளித்திருப்பார். நான் என் பழைய குழியை இறைப்பித்து, சுண்ணாம்பும் மண்ணும் போட்டு மூட முடிவெடுத்து, என் வாசல் மல்லிகைப் பந்தலுக்குப் பக்கத்தில் கொங்கிறீட் தாங்கிக்கு இடம் குறித்துவிட்டேன். ஒருவர் தொடங்காமல் மற்றவரைக் கேட்க எனக்கு வாய் வராது.

எட்டு அடியைப் பன்னிரண்டாக்க, ஒழுங்கையின் இரு பக்கமும் வேலியை இரண்டிரண்டு அடி உள்ளே தள்ள வேண்டும். எங்கள் ஊரில் வேலியைத் தள்ளக் கேட்பது என்ன என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கதியால் அரை அடி அசைந்ததற்காக முப்பது ஆண்டுகள் பேசாதிருந்த அண்ணன் தம்பிகளை நான் அறிவேன். மாமி முதலில் சம்மதித்தார். தம்பியிடம் கேட்கப் போனபோதுதான் எனக்குக் கால் கூசியது. முறைப்பாடு செய்த வாயால், பன்னிரண்டு பேர்ச்சில் இரண்டு அடி விட்டுத் தரச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. முறைப்பாடு செய்தது நான்தான் என்று முதலில் சொன்னேன். "தெரியும் ரீச்சர்" என்றார். பிறகு வேலியடிக்கு வந்து நின்று, "ரெண்டு அடி போதுமோ?" என்று கேட்டார். அவர் துண்டுக்கு எழுத்தில் ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்கு நாங்கள் நால்வரும் ஒப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். உத்தரவுப் பத்திரக் காணியில் அது எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு விடயம். ஆனால் அவரிடம் காணி கேட்டுவிட்டு அவர் காணியைப் பற்றிப் பேசாமலிருக்க எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஐந்தாவது வளவு கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகனுடையது. வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒழுங்கைப் பக்கத்தில் அவன் கல்மதில் கட்டியிருக்கிறான். பனிக்குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசில் கட்டிய மதில். இரண்டு முறை பேசினேன். "இவ்வளவு செலவழிச்சுக் கட்டினது அக்கா, வந்து பார்த்துத்தான் சொல்லுவன்" என்றான். அவன் சொல்வதிலும் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஒழுங்கையில் அவனுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்த மதில் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் முளைக்கட்டைகள் அடித்து, புதிய அகலத்துக்கு நைலோன் நூல் கட்டினோம். மாமியின் வாசலிலிருந்து என் வாசல்வரை, பிறகு தம்பியின் மூலைவரை நூல் நேராக வருகிறது. அங்கிருந்து போய் மதிலில் முட்டி நிற்கிறது. தம்பியின் அரைக்குழி இன்னமும் தகரத்தால் மூடியபடி இருக்கிறது. அவர்கள் இப்போதைக்கு என் வீட்டு மலசலகூடத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஐப்பசி பிறக்க மூன்று கிழமை இருக்கிறது. இன்று பின்னேரம், அங்கே விடிந்து அவன் வேலைக்குப் புறப்பட முன்னர், மீண்டும் அழைக்கப் போகிறேன். இந்த முறை மதிலைப் பற்றித் தொடங்காமல், சோதனைக் கடிதத்தை முதலில் வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். அந்தக் கிணற்றில்தான் அவனும் வளர்ந்தான்.